குசினியை விட்டுப் போன ஈயம்

"நிப்லாட உம்மா, நான் சொல்றதைக் கேட்டு மனசு நோகக் கூடாது" என்று நஸ்ரின் டீச்சர் ஆரம்பித்தபோதே, மனசு நோகிற விஷயம்தான் வரப்போகிறது என்று றுக்கியாவுக்குத் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். தரம் ஒன்று வகுப்பில் நிப்லா மட்டும் தன் சின்னக் கதிரையில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். றுக்கியாவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை இல்ஹாம் டீச்சரின் பேனாவைப் பிடுங்க எட்டி எட்டிப் பார்த்தான்.

"சொல்லுங்க டீச்சர்."

"நேத்துப் படிச்ச எழுத்து இண்டைக்கு அவளிட்ட இல்ல. ஒரு கேள்வி கேட்டா என்ட முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். ஒரு நாள் வயித்து வலி எண்டு சுருண்டு படுக்கிறாள். மற்ற நாள் மேசையில தலையை வச்சு நித்திரை. வருஷக் கடைசியில டவுன்ல ஒரு சேர் இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்ப்பார். அவர் சொன்னா வேற பள்ளிக்கூடத்தில இருக்கிற விசேட கல்வி அலகுக்கு மாத்துவாங்க."

"என்ட புள்ள மொக்கு இல்ல டீச்சர்."

"மொக்கு எண்டு நான் சொல்லல்ல. அந்த அலகுக்குப் போறதும் குறையில்ல. ஆனா அதுதான் இவட இடமா எண்டு எனக்கே விளங்கல்ல."

"வீட்டிலயும் சத்தம் போடாத புள்ள. இந்த ஒழுங்கையிலயே இப்பிடி ஒரு நல்ல புள்ள இல்ல எண்டு எல்லாரும் சொல்றாங்க."

டீச்சர் நிப்லாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆறு வயசுப் புள்ள இவ்வளவு நல்ல புள்ளயா இருக்கக் கூடாது. முதல்ல அந்த வயித்து வலியை ஒரு டொக்டருக்குக் காட்டுங்க."

வீட்டுக்கு வந்ததும் றுக்கியா புருஷனிடம் சொன்னாள். ஸப்வான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் குசினி அடுப்பின் முன் குந்தியிருந்தான். அடுப்பில் இரும்புச் சட்டி, சட்டிக்குள் கண்ணாடிபோல் மினுங்கும் ஈயம். பழைய லொறி பற்றரிகளை உடைத்து எடுத்த ஈயம். அதை உருக்கி அச்சில் ஊற்றினால் சின்னச் சின்ன மணிகளாக விழும். வீச்சுவலையின் விளிம்பில் அந்த மணிகள் இருந்தால்தான் வலை களப்பின், அதாவது கடலேரியின், தண்ணீருக்குள் தாழும். குறிஞ்சாக்கேணி ஊரில் பாதி வலைகள் ஸப்வானின் மணியில்தான் தாழ்ந்தன.

களப்போரக் காற்று வெளியில் அடுப்பை நிற்க விடாது. அதனால் அந்த ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், ஈயம் உருக்குகிறவர்கள் எல்லாரும் குசினியில்தான் உருக்கினார்கள். ஆண்கள் ஊற்ற, பெண்கள் மணி கோர்க்க, பிள்ளைகள் மணியைக் கயிற்றில் பல்லால் கடித்து இறுக்க, அது குடும்பமாகச் செய்கிற வேலை. நிப்லாவின் பல் நல்ல இறுக்கம் என்று ஸப்வானுக்குப் பெருமை.

"என்ட வாப்பாவுக்கும் எழுத்து ஏறல்ல, எனக்கும் ஏறல்ல" என்றான் அவன். "நம்மட பரம்பரைக்கே புத்தி கையிலதான், மண்டையில இல்ல. அதை மாத்த யாராலயும் ஏலாது. நீ சும்மா யோசிக்காத."

றுக்கியா சும்மா இருக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பிள்ளைகளைப் பார்த்தவர் டொக்டர் லோஜனா, வயது குறைந்த பெண். நிப்லாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, கழுவிய துணிபோல் வெளுத்திருந்தது. "ஆ காட்டுங்கோ" என்றபோது நிப்லா வாயைத் திறக்கவில்லை. ஒரு கன்னம் மட்டும் புடைத்திருந்தது.

"வாய்க்குள்ள என்ன? டொபியா?"

"துப்பு மகள்" என்று றுக்கியா உள்ளங்கையை நீட்டினாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு மணி எச்சிலோடு வந்து விழுந்தது.

றுக்கியா சிரித்தாள். "அது ஒண்டுமில்ல டொக்டர், வாப்பாட ஈயமணி. எந்த நேரமும் வாயில வச்சுக்கொண்டுதான் இருப்பாள். டொபி கேட்டு அடம்பிடிக்கிற புள்ள இல்ல. எனக்கு அது ஒரு லேசு."

டொக்டர் சிரிக்கவில்லை. மணியை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் நிலாவெளிக்காரி அம்மா. என்ர அப்பா கரைவலைக்காரர். இது என்னெண்டு எனக்குத் தெரியும். ஆர் உருக்கிறது? எங்க?"

"இவட வாப்பாதான். குசினியில."

"குசினிக்குள்ளயா? எங்கட பக்கத்தில கடற்கரை வாடிக் குடிசையிலதான் உருக்குவினம். வீட்டுப் பக்கமே கொண்டு வரமாட்டினம்."

"களப்புக் காத்துக்கு வெளியில அடுப்பு நிக்காது டொக்டர்."

"இவ எந்த வயசில இருந்து அந்தக் குசினியில?"

"பிறந்ததில இருந்தே. தொட்டில் அங்கதான் கட்டினன். சமைக்கிற நேரம் என்ட கண்ணுக்கு முன்னால இருக்கட்டும் எண்டு."

சொல்லி முடிக்கும்போதே டொக்டரின் முகம் மாறியதை றுக்கியா பார்த்தாள். அவளுடைய கை தானாக இல்ஹாமை இறுக்கிப் பிடித்தது.

"அந்தப் புகையும் தூளும் பெரிய ஆக்களைவிடப் பிள்ளையளுக்குள்ளதான் கூட இறங்கும்" என்றார் டொக்டர். "வளருற உடம்புக்கு ஈயமும் பால்ல இருக்கிற சத்தும் ஒண்டு மாதிரித்தான் தெரியும். வா எண்டு கூப்பிட்டு எலும்புக்குள்ளயும் மூளைக்குள்ளயும் விட்டிடும். இரத்தத்தில இரும்புச் சத்துக் குறைஞ்ச பிள்ளையெண்டா இன்னும் கூட விடும். மூளை உருவாகிற வயசில இது உள்ளுக்குப் போனா, படிச்சது நிக்காது. பிள்ளை சோர்ந்து போகும். பேசாமல் இருக்கும்."

"நல்ல புள்ள எண்டு சொல்லுவாங்க" என்றாள் றுக்கியா.

"ஓம். இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்து அனுப்புவம். எல்லாத்துக்கும் ஈயம்தான் காரணம் எண்டு இண்டைக்கு நான் சொல்லேல்ல. ஆனா அந்தச் சட்டி நாளைக்கும் அங்க இருக்கக் கூடாது."

"போனது திரும்பி வருமா டொக்டர்?"

"எவ்வளவு வரும் எண்டு சொல்ல ஏலாது. பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனா ஆறு வயசில மூளை கட்டி முடிஞ்ச வீடு இல்லை அம்மா, இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கு. ஈயத்தை நிப்பாட்டுங்கோ. முட்டை, மீன், முருங்கையிலை, பால் குடுங்கோ. நான் தாற மருந்தைக் குடுங்கோ. பிறகு பிள்ளையோட கதையுங்கோ."

"என்ன கதைக்கிறது?"

"எதையும். கறி காய்ச்சிற நேரம் கறியைப் பற்றிக் கதையுங்கோ."

றுக்கியா வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இஞ்சருங்க, அடுப்பை அணையுங்க."

"இப்பதான் உருகுது. முத்தலிப் காக்காட புது வலைக்கு மணி வேணுமாம்."

"அணையுங்க எண்டு சொன்னன்."

டொக்டர் சொன்னதை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். ஸப்வான் கரண்டியால் ஈயத்தைக் கிண்டிக்கொண்டே கேட்டான்.

"அந்த டொக்டர் நேத்துப் பிறந்தவ. என்ட வாப்பா ஊத்தினார். அவர்ட வாப்பா ஊத்தினார். நான் இந்தப் புகைக்குள்ளதான் வளர்ந்தனான். எனக்கு என்ன குறை?"

றுக்கியாவின் நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. பஸ் பலகையை வாசிக்கத் தெரியாமல், பக்கத்தில் நிற்பவரிடம் ஒவ்வொரு முறையும் "இது மூதூர் பஸ்தானே?" என்று கேட்கிற புருஷனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண்ணின் தாய் தகப்பன் வீட்டைக் கட்டி மகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சண்டை வந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியவன் புருஷன். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்தப் பெண்சாதியும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

றுக்கியா சொன்னாள்.

"இது என்ட உம்மா வாப்பா எனக்குத் தந்த வீடு. இந்தக் கூரைக்குக் கீழ இனி ஈயம் உருகாது. உருக்கத்தான் வேணுமெண்டா சட்டியோட நீங்க போங்க. சட்டி இல்லாம வாங்க, சோறு ஆக்கி வச்சிருப்பன்."

ஸப்வானின் கை அப்படியே நின்றது. முகம் கறுத்துவிட்டது. ஈயத்தை அச்சில் ஊற்றி முடித்தான். ஆறியதும் சட்டி, அச்சு, ஈயச் சாக்கு மூன்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெளியேறினான்.

அவன் நேரே போனது அடுத்த ஒழுங்கையில் இருந்த அக்காவின் வீட்டுக்கு; அங்கேயும் குசினியில் ஈயம் உருகியது. அவன் ராத்தா என்று கூப்பிடுகிற அந்த அக்காவின் பெயர் சித்தி பரீதா.

"டேய், என்னடா இது? சட்டி பானையோட வந்து நிக்கிறாய், பொஞ்சாதி துரத்திட்டாளா?" என்று கேட்ட சித்தி பரீதா, அவன் தலை குனிந்து நிற்பதைப் பார்த்து வாயைப் பொத்தினாள். "உண்மையாவே துரத்திட்டாளா! என்ட தம்பியையா! நீ உள்ளுக்கு வா. சட்டியை வை. நான் போய் அவளை ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாறன்."

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு புயல்போல வந்து றுக்கியாவின் வாசலில் நின்றாள். கேட்க வந்த இரண்டு கேள்வியையும் கேட்டாள். றுக்கியா பதிலுக்கு வாதாடவில்லை. நிப்லாவைக் கூப்பிட்டு, அவளுடைய கீழ் இமையை மெதுவாக இழுத்து நாத்தனாருக்குக் காட்டினாள்.

"இதுக்குள்ள சிவப்பு இருக்கா மச்சி?"

"இல்ல."

"வீட்டுக்குப் போய் உங்கட கடைசிப் புள்ளட கண்ணைப் பாருங்க. சிவப்பா இருந்தா, நீங்க என்னை ஏசினதெல்லாம் சரி."

சித்தி பரீதா போனாள். திரும்பி வரவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் ஸப்வானின் சட்டியும் சாக்கும் அவளுடைய வேலிப் படலைக்கு வெளியே இருந்தன.

"ராத்தா!"

"ராத்தாவும் இல்ல, கூத்தாவும் இல்ல. என்ட மூண்டு புள்ளைக்கும் கண் வெளுத்துக் கிடக்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன். நீ வேற இடம் பாரு."

பெண்கள் பேசிக்கொள்வதற்கு அந்த ஊரில் மதில் ஒரு தடையே இல்லை. வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஒழுங்கையிலும் பிள்ளைகளின் இமைகள் இழுபட்டன. ஈயம் உருக்குகிற வேறு வீடுகளிலும் சட்டிகள் வாசலுக்கு வந்தன. எந்த வீட்டிலும் ஆண்களால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. வலை அவர்களுடையது, வீடு பெண்களுடையது.

ஆண்கள் முத்தலிப்பிடம் போனார்கள். ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற முத்தலிப் மீனவர் சங்கத்துத் தலைவர். பெரிய குரல், பெரிய வயிறு, நிறைய வலைகள்.

"பொம்பளப் புள்ளைகள்ட கதையைக் கேட்டுத் தொழிலை விடுறதா?" என்று அவர் முற்றத்தில் நின்று முழங்கினார். "ஸப்வான், தம்பி, சட்டியைத் தூக்கு. இண்டைக்கு என்ட வீட்டில உருக்குவம்."

உள்ளே குசினியில் இருந்து அவருடைய மனைவி ஷிஃபானாவின் குரல் வந்தது.

"யாருட வீட்டில?"

ஒரே கேள்விதான். முத்தலிப் தொண்டையைச் செருமினார். தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்தார்.

"அவட வீட்டிலதான்" என்றார். "சரி, வாங்க, களப்புப் பக்கம் போய்ப் பார்ப்பம்."

களப்போரத்து வெறும் மணல் திட்டில் அடுப்பு மூட்டினார்கள். காற்று அணைத்தது. மறுபடி மூட்டினார்கள். மறுபடி அணைத்தது. முத்தலிப் தன் மேல் சட்டையைக் கழற்றி இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றார். சட்டை பாய்மரப் பாய்போல் உப்பியது. தூரத்து வேலியோரம் நின்ற பெண்கள், "காக்கா, அப்பிடியே நில்லுங்க, கடலுக்குப் போயிருவீங்க!" என்று கத்திச் சிரித்தார்கள்.

கடைசியில் யாரோ பழைய தகரங்களைக் கொண்டுவந்து மூன்று பக்கம் நட்டார்கள். அடுப்பு நின்றது. புகை ஆளில்லாத தண்ணீர்ப் பக்கம் போனது. "இதை எப்பவோ செய்திருக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

ஸப்வானின் ராப்படுக்கை சங்கக் கட்டடத்தில்தான். ஈயம் இப்போது றுக்கியாவின் வீட்டில் உருகவில்லை. திரும்பிப் போக எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் போகவில்லை. கோபம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவனுக்கு இருந்தது பயம். டொக்டர் சொன்னது சரி என்றால், தன் மகளுக்கு அதைக் கொடுத்தது யார்?

இரத்தச் சோதனை முடிவு வந்தபோது தாய் தகப்பன் இருவரும் வர வேண்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். ஸப்வான் வந்தான். றுக்கியாவுக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்தான்.

"மகளுக்கு ஈயம் அளவுக்கு மிஞ்சித்தான் இருக்கு" என்றார் டொக்டர் லோஜனா. "தம்பிக்கும் இருக்கு, ஆனா குறைவு. அவர் தப்பிட்டார் எண்டு சொல்லலாம். இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தா அவரும் அக்காவைப் போலத்தான். சட்டியை வெளியில கொண்டு போனது நீங்கள்தானே ஐயா? நல்ல வேலை செய்தீங்கள்."

ஸப்வான் றுக்கியாவைப் பார்க்கவில்லை. "நான் கொண்டு போகல்ல டொக்டர். என்னையும் சேர்த்து வெளியில போட்டாங்க."

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸப்வான் சிரிக்கவில்லை. கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டொக்டர், நான் ஒண்டு கேக்கலாமா? நானும் என்ட உம்மாட குசினியில ஈயம் கடிச்சு வளர்ந்தனான். அஞ்சாம் ஆண்டு வரைக்கும் போனன். ஒரு எழுத்தும் நிக்கல்ல. சேர் அடிச்சார். வாப்பா அடிச்சார். மண்டைக்குள்ள களிமண் எண்டு சொன்னாங்க. நானும் அதை நம்பித்தான் இவ்வளவு காலமும் இருந்தனான். பரம்பரை எண்டு நினைச்சன். அது... அது ஈயமா?"

டொக்டர் கையில் இருந்த அறிக்கையை மேசையில் வைத்தார்.

"இருந்திருக்கலாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு நிச்சயமாச் சொல்ல ஏலாது. ஆனா களிமண் எண்டு சொன்னவை ஒருத்தரும் சோதிச்சுப் பார்த்துச் சொல்லேல்லத்தானே?"

ஸப்வான் தலையை நிமிர்த்தினான். வெளியே வந்ததும் மரத்தடியில் நின்றுவிட்டான். "நான்தான் றுக்கியா ஊத்தினன்" என்றான்.

"நான்தான் தொட்டிலைக் கட்டினன்" என்றாள் றுக்கியா. "ரெண்டு பேருக்கும் தெரியாது. இப்ப தெரியும். வாங்க, குசினியைக் கழுவுவம். எனக்குத் தனிய ஏலாது."

கழுவினார்கள். சும்மா கழுவல் இல்லை. தரையைச் சுரண்டி, புகை பிடித்த சுவரைச் சுரண்டி, தூள் பறக்காமல் ஈரத் துணியால் துடைத்தார்கள். அந்த வேலை முடியும்வரை பிள்ளைகள், ஏற்கெனவே கழுவி முடித்த சித்தி பரீதாவின் வீட்டில் இருந்தார்கள். பிறகு தினமும் ஸப்வான் ஈயத் தூள் போக மணல் திட்டிலேயே குளித்து, இடுப்புச் சாரத்தை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தான். "மாப்பிள்ளை குளிச்சு வெள்ளைச் சாரத்தில வாறார், இண்டைக்கும் கல்யாணமா?" என்று அயலவர்கள் கேலி செய்தார்கள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நடந்தான்.

சாப்பாட்டை மாற்றுவது லேசாக இருந்தது. கதைப்பதுதான் றுக்கியாவுக்குக் கஷ்டம். பதில் சொல்லாத பிள்ளையோடு எதைப் பேசுவது? வெட்கத்தோடு ஆரம்பித்தாள். "இது வெங்காயம். உம்மா வெட்டுறன். கண் எரியுது. இது நண்டு. களப்பில வாப்பா பிடிச்சது." நிப்லா கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. அடுத்த நாளும் பேசினாள். அதற்கடுத்த நாளும். சுவரோடு பேசுவதுபோல் இருந்தது. வாரங்கள் போயின. மருந்து உள்ளே போக, ஈயம் மெல்ல மெல்ல வெளியே போக, நிப்லாவின் வயிற்று வலி நின்றது. கன்னத்தில் ஒரு நிறம் வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஒரு பின்னேரம் நண்டுச் சட்டியைக் கவிழ்த்தபோது ஒரு நண்டு தப்பித் தரையில் ஓடியது. நிப்லா குனிந்து பார்த்தாள்.

"இது ஏன் பக்கத்தால நடக்குது? முன்னால போக ஏலாதா?"

றுக்கியாவின் கையில் இருந்த கரண்டி விழுந்தது. நண்டு அலுமாரிக்குக் கீழே போய் ஒளிந்தது. அவள் அதைப் பிடிக்காமல் பின்மதிலுக்கு ஓடினாள்.

"மச்சி! மச்சி! அவள் 'ஏன்' எண்டு கேட்டுட்டாள்!"

"எதையடி?" என்று மதிலுக்கு அப்பால், அடுத்த ஒழுங்கையில் இருந்து சித்தி பரீதா கத்தினாள்.

"நண்டை!"

"அப்ப பதில் சொல்லன்!"

"எனக்குத் தெரியாதே!"

அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. ஒன்றுக்குப் பதில் சொன்னால் இரண்டு வந்தன. நஸ்ரின் டீச்சரும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு கொஞ்ச நேரம் நிப்லாவை வைத்துக்கொண்டு எழுத்துகளைப் புளியங்கொட்டையில் அடுக்கப் பழக்கினார். எழுத்து நிற்கத் தொடங்கியது. கணக்கு மட்டும் இன்னும் நழுவியது. டொக்டரும் ஊர் மருத்துவிச்சியும் ஒரு நாள் வந்து அந்த ஒழுங்கைகளின் பிள்ளைகள் எல்லாரையும் சோதித்தார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு தீர்மானம் போட்டார் முத்தலிப்: இனி எவரும் வீட்டுக்குள் ஈயம் உருக்கக் கூடாது. அது தன் யோசனைதான் என்று அவர் சொல்லித் திரிந்தபோது ஷிஃபானாகூட மறுக்கவில்லை.

வருஷக் கடைசி வந்தது. டவுனுக்குப் போக வேண்டிய நாளும் வந்தது.

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது றுக்கியா துஆ ஓதிக்கொண்டே வந்தாள். இத்தனை மாதமும் பட்ட பாடு எல்லாம் இன்று ஒரு மனிதர் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் இருந்தது. நிப்லா தன் வகுப்பிலேயே இருப்பாளா, இல்லையா?

நிப்லாவைச் சோதித்தவர் சிவகுருநாதன் சேர். நரைத்த தலை, அமைதியான குரல். றுக்கியாவை மூலைக் கதிரையில் இருத்தினார். "அம்மா ஒண்டும் சொல்லிக் குடுக்கக் கூடாது" என்றார். ஸப்வான் இல்ஹாமோடு வெளியே நின்றான்.

முதலில் இலக்கங்களைச் சொல்லி, அதைப் பின்னால் இருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். நிப்லா தடுமாறினாள். இன்னொரு முறை சொன்னார். இன்னொரு முறையும் பிழைத்தது. றுக்கியா சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். கட்டைகளை அடுக்கச் சொன்னார். மெதுவாகத்தான் அடுக்கினாள்; சரியாக அடுக்கினாள். ஒரு கதையை வாசித்துக் காட்டி, அதைப் பற்றிக் கேள்வி கேட்டார். பெரும்பாலானவற்றுக்குச் சரியாகச் சொன்னாள். சேரின் முகத்தில் இருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு நான்கு படங்களை மேசையில் பரப்பினார். ஒரு பெண் குடையோடு நடக்கிறாள். ஒரு பெண் கடைக்குள் நிற்கிறாள். ஒரு பெண் மழையில் நனைகிறாள். ஒரு பெண் வீட்டுக் கதவைத் திறக்கிறாள்.

"இதை ஒரு கதையா அடுக்குங்கோ பாப்பம்."

நிப்லா படங்களைப் பார்த்தாள். பிறகு அடுக்கினாள். முதலில் நனைகிற பெண். அடுத்தது கடை. மூன்றாவது குடை. கடைசியில் வீடு.

சேர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ம். இதில முதல் படம் குடைதான் மகள். அந்த அம்மா குடையோட கடைக்குப் போறா. கடையில குடையை மறந்து விட்டிட்டு வாறா. அதாலதான் நனையிறா. பிறகு வீட்டுக்குப் போறா."

றுக்கியா கண்களை மூடிக்கொண்டாள்.

"இல்ல சேர்" என்றாள் நிப்லா.

றுக்கியா கண்களைத் திறந்தாள்.

"ஏன் இல்ல?"

"கடையை விட்டு வெளியில வரக்குள்ள மழை பெய்யுதுதானே? அப்ப குடை ஞாபகம் வரும்தானே? திரும்பிப் போய் எடுப்பாதானே?"

சேர் படத்தைப் பார்த்தார். நிப்லா விடவில்லை.

"இவட்ட முதல்ல குடை இல்ல. நனைஞ்சு போனா. கடையில குடை வாங்கினா. அதுதான் வீட்டுக்குப் போகக்குள்ள குடை இருக்கு." சற்று யோசித்து, "ஆனா குடையோட போற படத்தில இவட சட்டை ஏன் ஈரமா இல்ல? படம் கீறினவர் மறந்துட்டாரா?" என்று கேட்டாள்.

சிவகுருநாதன் சேர் கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எத்தனையோ வருஷமாக அந்தப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர்.

"இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்லை" என்றார். பிறகு றுக்கியாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, கணக்கில பிள்ளைக்கு உதவி வேணும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, விடாமல் உதவி வேணும். அதை நான் எழுதித்தான் தருவன். ஆனா இவ இருக்க வேண்டிய இடம் இவட வகுப்புத்தான். அங்கயே இருக்கட்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்ற சொல் றுக்கியாவின் வாயில் இருந்து சத்தமாகவே வந்துவிட்டது.

வெளியே வந்தபோது ஸப்வான் ஓடி வந்தான். "என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" அவனுடைய தோளில் இருந்த இல்ஹாமும் "என்ன, என்ன" என்றான். றுக்கியா வாயைத் திறந்தாள், ஆனால் அழுகை வந்துவிட்டது. ஸப்வானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உம்மா சந்தோஷத்தில அழுறா வாப்பா" என்றாள் நிப்லா. "நான் நஸ்ரின் டீச்சர்ட்டயே இருக்கலாமாம்."

ஸப்வான் இல்ஹாமை றுக்கியாவிடம் கொடுத்துவிட்டு, தெருவென்றும் பாராமல் மகளைத் தூக்கித் தலைக்கு மேலே உயர்த்தினான். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார். ஸப்வான் அவருக்கும் கை காட்டினான்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. துறைமுகத்தைப் பார்க்க நடந்து போனார்கள். நீலத் தண்ணீரில் ஒரு பெரிய கப்பல், மலைபோல் அசையாமல் நின்றது. நிப்லா வாப்பாவின் தோளில் இருந்தபடி அதையே பார்த்தாள்.

"வாப்பா, அது இரும்புதானே?"

"ஓம் மகள்."

"ஒரு ஆணியைத் தண்ணியில போட்டா தாழுது. இவ்வளவு பெரிய இரும்பு ஏன் தாழல்ல?"

ஸப்வான் கப்பலைப் பார்த்தான். வாழ்நாள் முழுவதும் அந்தத் தண்ணீரைப் பார்த்தவன், இந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. மற்ற நாள் என்றால் பேச்சை மாற்றியிருப்பான். இன்று மாற்றவில்லை.

"எனக்குத் தெரியாது மகள்."

"யாருக்குத் தெரியும்?"

"உங்கட டீச்சருக்குத் தெரியும்."

"அப்ப நான் நாளைக்கு வகுப்பில கேக்கிறன்" என்றாள் நிப்லா.

"கேளு" என்றான் ஸப்வான். "கேட்டு வந்து எனக்கும் சொல்லு."